எலிகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன நாள்

எங்கள் வீட்டில் எலி வளர்த்தோம் என்று சொன்னால், எலி எல்லார் வீட்டிலும்தானே வளர்கிறது என்று கேட்பார்கள். அது வேறு. அது நாம் வேண்டாம் என்றாலும் வளர்வது. நாங்கள் வளர்த்தது மதராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்து, பெட்டி செய்து, வேளாவேளைக்குத் தீனி வைத்து வளர்த்த வெள்ளை எலிகள். சிவப்புக் கண், ரோஸ் நிற வால். அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போனவர், தேங்காய்ப் பையை ஒரு கையிலும் எலிக்கூண்டை இன்னொரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அம்மா தேங்காய்ப் பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நெய்வேலியில் அப்போது எல்லாமே புதிது. ரோடு புதிது, பள்ளிக்கூடம் புதிது, ரோட்டோர மரங்கள் என் இடுப்புயரம்கூட வளரவில்லை. எல்லா வீடும் ஒரே அச்சில் இருந்ததால், ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் அடுத்த தெரு வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றியவர்களும் இருந்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் நான்கு வீடுகள் ஒட்டிக் கட்டிய வரிசையில் இரண்டாவது. நாலுக்கும் தலைக்கு மேலே ஒரே காங்கிரீட் தளம். முதல் வீட்டில் ஒரு திருநெல்வேலிக்காரர். ஃபிட்டர் வேலை. அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது. நடக்க முடியாத தன் தகப்பனாரைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது, நாலாவது வீடுகளில் வேறு வேறு ஜில்லாக்காரர்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் ஒரே சுவர்தான் நடுவில்.

அப்பாவுக்கு விழுப்புரத்துப் பக்கம். இங்கே வருவதற்கு முன்னால், நான் பிறப்பதற்கும் முன்னால், வடக்கே ரயிலில் இரண்டு நாள் போகிற தூரத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அது பூமிக்கு அடியில் போகிற சுரங்கம். லிப்டில் இறங்கி, விளக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, மரக் கம்பங்களை முட்டுக் கொடுத்த வழியில் குனிந்து நடக்க வேண்டுமாம். நெய்வேலியில் அந்தக் கஷ்டம் கிடையாது. இங்கே சுரங்கம் என்பது ஒரு பெரிய பள்ளம்தான், நிமிர்ந்து பார்த்தால் வானம். வேலை செய்கிற இடத்தில் தலைக்கு மேலே ஒன்றுமில்லை, வீட்டில்தான் தளம் இருக்கிறது என்பது அப்பாவுக்கு ஒரு குறை. குவார்ட்டர்ஸ் கிடைத்த நாளிலிருந்து அவர் வாசலில்தான் படுத்தார். மழை வந்தால் வாசற்படிக்கு வருவார், அதற்கு உள்ளே வரமாட்டார். புழுக்கம் தாங்கவில்லை என்று காரணம் சொன்னார். மார்கழியிலும் அதே காரணத்தைச் சொன்னார்.

எலிகள் வந்த பிறகு அவர் உள்ளே படுக்க ஆரம்பித்தார். எலிப்பெட்டி சமையலறைக்குப் பின்பக்கத் தாழ்வாரத்தில் இருந்தது, அதை ஒட்டியே பாயைப் போட்டுக்கொண்டார். இதை அம்மாவும் கவனித்திருக்க வேண்டும். முதல் வாரம், வீட்டில் ஒன்று எலி இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிள்ளையார் வாகனத்தையா வெளியே போடச் சொல்கிறாய் என்று அப்பா ஒரு போடு போட்டதும் ஒரு காரணம். நாலு வீட்டுப் பெண்கள் நடுவில் வைத்துக் கேட்டால் அவள்தான் என்ன பதில் சொல்வாள்?

அந்த வடக்குச் சுரங்கத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். கீழே உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் முதல் கவளம் எலிக்கு. அதை ஓரமாகப் போட்ட பிறகுதான் தன் வாய்க்கு. அங்கே யாரும் எலியை அடிக்க மாட்டார்கள், கல்லெடுத்தாலே சண்டைக்கு வருவார்கள். கூரை இடிவதற்கு முன்னால் மனுஷன் காதுக்கு எட்டாத சத்தம் ஏதோ எலிக்குக் கேட்குமாம். எலி ஓடினால் நாமும் ஓட வேண்டும், அவ்வளவுதான் பாடம். அப்பா இதை எங்களுக்குக் கதையாகச் சொல்வார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தாராம், முதல் கவளத்தைப் போட்டாராம், ஒரு எலியும் வரவில்லையாம். பார்த்தால் சுவரோரமாக வரிசையாகப் போகின்றனவாம். இந்த இடத்தில் அவருடைய விரல்கள் பாயின் மேல் குடுகுடுவென்று ஓடும். அவரும் பின்னாலேயே போனாராம். பின்னால் டமார். டமார் வந்ததும் என் தம்பி கை தட்டுவான். இந்தக் கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருப்போம். அதில் அப்பாவும் எலிகளும் மட்டும்தான் இருப்பார்கள்.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. நான் மூன்றாம் வகுப்பு. இரண்டும் ஆண் என்று மூர் மார்க்கெட்காரன் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். அவன் சத்தியம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை, ஒன்பது குட்டிகள். கண் திறக்காமல், வெந்த கடலை நிறத்தில். நான் ஆசையில் ஒன்றைத் தொட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் எட்டுதான் இருந்தன. குட்டி போட்டிருக்கும்போது கை வைத்தால் தாயே தின்றுவிடும் என்று அப்பா அப்புறம்தான் சொன்னார். அதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று எனக்கு ஒரே அழுகையும் கோபமும்.

எலி வளர்ப்பது ஆடு மாடு வளர்ப்பதுபோல் இல்லை, சின்னச் சின்ன வேலை நிறைய. காலையில் பொட்டுக்கடலையும் கம்பும், சாயங்காலம் கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டை. முட்டைக்கோஸ் மேல் இலை கிடைத்தால் அன்றைக்கு விருந்து. வேர்க்கடலையை அளந்துதான் போட வேண்டும், இல்லாவிட்டால் கொழுத்துப்போய் நகராது. கொட்டாங்கச்சியில் தண்ணீர், இரண்டு வேளையும் மாற்ற வேண்டும். அடியில் போட்ட மரத்தூளை மூன்று நாளைக்கு ஒரு தடவை அள்ளிக் கொட்டாவிட்டால் மூத்திர வாடை சமையலறைக்கு வரும், வாடை வந்தால் அம்மாவின் வாயும் பின்னாலேயே வரும். எலிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். வேப்பங்குச்சி போடுவேன். மறந்துபோனால் பெட்டியையே கடிக்கும். பெட்டி நல்ல கட்டை. வெளிநாட்டிலிருந்து மெஷின் பாகங்கள் வந்த பெட்டியை அப்பா கேட்டு வாங்கி வந்து, முன்பக்கம் கம்பிவலை அடித்து, ஒரு கதவும் கொக்கியும் வைத்திருந்தார். கொக்கி மாட்டாமல் நகரக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. ஒன்றை மட்டும் தனியாகப் பிரிக்கக் கூடாது, ஏங்கிப்போய்ச் செத்துவிடும் என்பது இன்னோர் உத்தரவு. குட்டிகளைக் கொஞ்சம் பெரிதானதும் கேட்டவர்களுக்கு ஜோடி ஜோடியாகக் கொடுத்துவிட்டு நாலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இனி நடந்ததற்கு நான்தான் காரணம். இதில் யாரையும் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

வகுப்பில் டீச்சர் வீட்டுப் பிராணிகள் பாடம் நடத்தினார். அவரவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஆடு, கோழி, பசு என்று வந்தது. நான் எழுந்து வெள்ளை எலி என்றேன். எலி வெள்ளையாக இருக்குமா என்று ஒருத்தி சிரித்தாள். மந்தாரக்குப்பத்திலிருந்து வருகிற பெண், அவளுடைய அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. எலியைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற தோரணை. எலி கறுப்பாக இருக்கும், சாம்பலாக இருக்கும், வெள்ளையாக இருந்தால் அது பொய் என்றாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இரண்டு நாள் என்னைப் புளுகி என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் நான் மூங்கில் கூடையை எடுத்தேன்.

கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன். அப்பாவுக்கு அந்த வாரம் காலை ஷிப்ட். ஐந்தரைக்கே சைக்கிளில் போய்விடுவார். இரண்டு மணிச் சங்கு ஊதி, வீடு வந்து சேர இரண்டரை. சாப்பிட்டதும் படுத்துவிடுவார், ஐந்துக்குத்தான் எழுவார். நான் நாலேகாலுக்கு வந்து எலிகளை உள்ளே விட்டுவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. அம்மா எலிப்பெட்டிப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவள். ஒன்றைப் பிரிக்கக் கூடாதென்று நாலையும் கூடையில் விட்டேன், மேலே அம்மாவின் பழைய புடவைத் துணியைக் கட்டினேன், கடலையும் கொட்டாங்கச்சியும் எடுத்துக்கொண்டேன். உத்தரவுப்படி காலிப் பெட்டிக்கும் கொக்கி மாட்டினேன்.

இரண்டு விஷயங்கள் என் கணக்கில் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் முதல் கவளத்தை அப்பா எங்கள் எலிகளுக்கு வைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கிற விளையாட்டு என்று நினைத்திருந்தேன். மற்ற நாட்களில் அவர் சாப்பிடும் நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், அதனால் தெரியவில்லை. இன்னொன்று, பெட்டியின் பின் மூலையில் எலிகள் ஒரு வாரமாகக் கடித்துக் கடித்து, ஓர் எலி நுழையக் கொஞ்சமே பாக்கி என்கிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தன. நான்தான் வேப்பங்குச்சி போட மறந்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் என் பாடு ராஜபோகம். டீச்சரே பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினார். மளிகைக் கடைக்காரர் மகள் கிட்டே வராமல் தூரத்திலேயே நின்றாள். சாயங்காலம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினேன்.

தெருவில் கட்டில் கிடந்தது. கட்டிலில் அண்ணாச்சியின் தகப்பனார் வெயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் பாய், தலையணை, எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடம். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நாலு வீட்டு ஜனங்களும் வெளியே நின்றார்கள், போதாதற்கு எதிர் வரிசையிலிருந்தும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் வரிசைக்கு முன்னால், லுங்கியும் பனியனுமாக, கையில் காய்ந்துபோன சோற்றுப் பருக்கைகளோடு அப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்பது ஒருவர் மேல் ஒருவர் பேசியதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா சாப்பிட உட்கார்ந்தவர் முதல் கவளத்தை எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போயிருக்கிறார். கொக்கி மாட்டியபடி இருக்கிறது, மூலையில் ஓட்டை, எலி ஒன்றுகூட இல்லை. அந்த நேரம் பார்த்து மைன்ஸில் வெடி வைத்திருக்கிறார்கள். அது தினமும் வைப்பதுதான். பாத்திரம் லேசாக ஆடும், நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அன்றைக்கு அப்பா தூளியிலிருந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவை வெளியே தள்ளிவிட்டார். அதோடு நிற்கவில்லை. மற்ற மூன்று கதவுகளையும் இடித்து எல்லாரையும் வெளியேற்றி, பெரியவரையும் கட்டிலோடு இழுத்து வந்துவிட்டார். அண்ணாச்சி நைட் ஷிப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து வெளியே வந்த பிறகுதான் விஷயம் எலி என்று அவருக்குத் தெரிந்ததாம்.

நான் குழாயடித் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கூடைக்குள் எலிகள் பிறாண்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. துணியை அவிழ்த்துக் காட்டினால் எல்லாரும் வீட்டுக்குள் போகலாம். காட்டினால் முதுகில் தோல் இருக்காது, அதுவும் தெரு முழுக்கப் பார்த்திருக்க. அப்பா அடிக்கிறவர் இல்லை. ஆனால் அவரை அந்தக் கோலத்தில் நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நின்றேன்.

மூன்றாவது வீட்டு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர் வரிசைப் பிள்ளைகள் எலி மாதிரி கீச்சிட்டுக் காட்டினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் தொட்டியை விட்டு வெளியே வரவில்லை.

அண்ணாச்சிக்குப் பொறுமை போயிற்று. ஒரு வாய் காப்பியாவது போட்டுக் குடிக்கிறேன் என்று தன் வாசற்படியில் கால் வைத்தார். அப்பா ஓடிப்போய்க் குறுக்கே கையை நீட்டினார்.

“நீரு உள்ள போகாட்டிப் போவும்வே. எங்கள எதுக்குத் தடுக்கீரு? எலி ஓடிப்போச்சின்னா கோட்டையா இடிஞ்சி விழுந்திரும்? ஊரே சிரிக்கி.”

“சிரிச்சா சிரிக்கட்டும் அண்ணாச்சி. ஒங்க காலுல வேணா வுழறேன், உள்ள போவாதீங்க.”

அண்ணாச்சி அப்பாவின் கையைத் தட்டிவிட்டார். அப்பா அவருடைய தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூத்தவர் மேல் கை வைத்ததும் கூட்டத்தில் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி கையை ஓங்கினார். அப்போதும் அப்பா பிடியை விடவில்லை. தெருவைப் பார்க்காமல், அண்ணாச்சியின் முகத்தை மட்டும் பார்த்துச் சொன்னார்:

“அன்னிக்கி வடக்க அந்தச் சொரங்கத்துல எலிங்க போனத நான் ஒருத்தன்தான் பாத்தேன் அண்ணாச்சி. சொன்னா சிரிப்பானுங்கன்னு, தண்ணி குடிக்கப் போறவனாட்டம் எழுந்து வந்துட்டேன். அஞ்சு பேரு சோறு துன்னுகினு இருந்தானுங்க. நான் கூப்புடல.”

ஓங்கிய கை இறங்கியது. அண்ணாச்சி வந்து தகப்பனாரின் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது வீட்டு அம்மாள் முந்தானையைக் கீழே விட்டாள். அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவளும் அதை அப்போதுதான் கேட்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அப்பா வாசற்படிக்குக் குறுக்கே நின்றபடியே இருந்தார்.

எனக்கு வேறு கவலை. அண்ணாச்சியே உட்கார்ந்துவிட்டார், இனி யாரும் உள்ளே போகப்போவதில்லை. எலிகள் மத்தியானம் குடித்த தண்ணீர்தான், அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. கூடையில் பிறாண்டுகிற சத்தமும் குறைந்துபோயிருந்தது. அடி விழுந்தால் விழட்டும் என்று தொட்டியைச் சுற்றிக்கொண்டு போய், கூடையை அப்பாவின் காலடியில் வைத்துத் துணியை அவிழ்த்தேன். நாந்தான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துகினு போனேம்பா என்றேன்.

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். நாலும் இருக்கிறதா என்று விரலால் எண்ணினார்.

“தண்ணி வச்சியா?”

“மத்தியானம் வச்சேம்பா.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல், உள்ள போங்க, ஒண்ணுமில்ல என்றார். அன்றைக்கு யாராவது ஒருவர் சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாயையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கலைந்தார்கள். பெரியவரின் கட்டிலை ஒரு பக்கம் அண்ணாச்சியும் மறு பக்கம் அப்பாவும் பிடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். வெளியே வரும்போது அண்ணாச்சியின் கை அப்பாவின் முதுகில் இருந்தது.

தொட்டிக்குப் பின்னால் நான் நின்றது பத்து நிமிஷம் இருக்கும். வந்ததுமே துணியை அவிழ்த்திருந்தால் எனக்கு இரண்டு அடி விழுந்திருக்கும், தெரு சிரித்துவிட்டுப் போயிருக்கும், அப்பா வாய் திறந்திருக்க மாட்டார். அத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை, வீடு இடியவே இடியாத ஒரு சாயங்காலத்தில், நாலு ஜில்லாக்காரர்கள் நடுவில் அவர் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்னது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அடி விழாததே எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்பா ஒரு தகரத் துண்டை வெட்டி ஓட்டைக்கு மேல் வைத்து ஆணி அடித்தார். கையைக் கழுவிக்கொண்டு திரும்பவும் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். அவர் எழுவதற்குள் அவளே ஒரு கவளத்தை எடுத்து, அதுவரை கிட்டே போகாத அந்தப் பெட்டிக்குள் கை விட்டு வைத்துவிட்டு வந்தாள். எலிகள் வந்து தின்றன. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தட்டில் கை வைக்கவில்லை. கோபம் தணிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவருக்குப் பிடித்த பேச்சாக ஏதாவது பேசி ராசியாகிவிட வேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கதையில் எனக்குத் தெரியாத ஒரு பகுதி புதிதாக வந்திருக்கிறதே என்று ஞாபகம் வந்தது.

“அப்புறம் அந்த அஞ்சு பேரும் எந்தப் பக்கமா வெளிய வந்தாங்கப்பா?” என்று கேட்டேன்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். அம்மா வந்து என் கையைப் பிடித்து எழுப்பி, போய் எலிக்குத் தண்ணீர் மாற்று என்றாள். வேறு ஏதோ வழி இருந்திருக்கும், அதையும் ஏதாவது எலிதான் காட்டியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு, கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.